பந்து சோறு போடுமா?

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே பேருந்தில் வருவோர்க்கு, எல்லை எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்பது எளிதில் விளங்குவதில்லை. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. ஒரே வீட்டில் பாட்டி தமிழில் கேட்பாள், பேரன் மலையாளத்தில் விடை சொல்வான். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் வகுக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றது. அன்று கோட்டுக்கு அப்பால் நின்றுவிட்ட குடும்பங்களிலிருந்தும், இப்பாலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள் நம் சங்கத்தில் பலர்.

இந்த எல்லைக்கோடு மேற்கே சென்று கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது பொழியூர். அதற்கு அடுத்த கரை தமிழ்நாட்டின் நீரோடி. பின்னர் மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று மீனவர் ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. மாலை நேரத்தில் இக்கரையோரம் நடந்து செல்வோர், எந்த ஊரிலும் ஒரே காட்சியைக் காணலாம். கரையேற்றிய படகுகளுக்கு நடுவே கிடைத்த மணற்பரப்பில் இரண்டு கம்புகளை நட்டுவிட்டுச் சிறுவர்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். ஈர மணலில் ஓடிப் பழகிய கால்கள் அவை. சந்தோஷ் கோப்பைப் போட்டிக்கு ஆட்டக்காரர்களை அடுத்தடுத்து அனுப்பியமையால், பொழியூருக்குச் ‘சந்தோஷ் கோப்பைக் கிராமம்’ என்றே ஒரு பெயர் வழங்குகிறது.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் இக்கரையைச் சூறையாடியதை யாரும் மறந்திருக்க முடியாது. கடலுக்குச் சென்ற ஆடவர் திரும்பாத வீடுகள் எல்லையின் இருபுறமும் இருந்தன. அதற்கு நான்கு மாதம் கழித்து, 2018 ஏப்ரல் 1-ஆம் நாள், கல்கத்தா மாநகரில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. கேரளமும் வங்காளமும் இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நின்றன. பெனால்டி உதைகளில் கேரளம் நான்குக்கு இரண்டு என வென்று, ஆறாவது முறையாகக் கோப்பையைப் பெற்றது. அந்த உதைகளைத் தவறாமல் வலைக்குள் செலுத்தியவர்களில் ஒருவர் பொழியூர்ப் பிள்ளையாகிய எஸ். சீசன். துயரம் மாறாத கரைக்கு அந்தச் செய்தி எவ்வளவு ஆறுதலாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆயினும், கோப்பை வேறு, குடும்பம் வேறு. நம் சங்கக் கூட்டங்களில் தாய்மார்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பையன் பள்ளிக்கூடம் விட்டால் மைதானமே கதி என்று கிடக்கிறான். பந்து சோறு போடுமா?” என்கிறார்கள். கடலுக்கு அனுப்பவும் அஞ்சுகிறார்கள். பந்தின் பின்னே ஓட விடவும் தயங்குகிறார்கள். கேள்வி நியாயமானது. வெறும் உற்சாக வார்த்தைகளால் அதற்கு விடை கூறுவது பெரியோர்க்கு அழகன்று. பந்தையே தொழிலாகக் கொண்டு முழு வாழ்வும் வாழ்ந்து, ஓய்வும் பெற்றுவிட்ட ஒருவருடைய வரலாற்றைத் திறந்து பார்த்து, வரவையும் செலவையும் கணக்கிடுவதே முறை. அதற்குத் தக்கவர், கேரளம் தந்த ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவரெனப் பலராலும் போற்றப்படும் திரு. ஐ. எம். விஜயன் அவர்கள். ‘திமிரு’ (2006), ‘பிகில்’ (2019) ஆகிய தமிழ்ப் படங்களில் அவரைப் பார்த்த நம் பிள்ளைகள், அவர் கால்களின் கதையை அறியாதிருக்கலாம்.

விஜயன் 1969-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் திருச்சூரில் பிறந்தார். வறுமை என்னும் சொல்லுக்கு அவ்வீட்டில் விளக்கம் தேவைப்படவில்லை. தந்தையார் விபத்தொன்றில் காலமானார். தாயார் தெருவில் பழம்பொருள்களும் புட்டிகளும் பொறுக்கி வீட்டைக் காத்தார். சிறுவன் விஜயன் திருச்சூர் நகராட்சி மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாள்களில் சோடா விற்றான். புட்டி ஒன்றுக்குப் பத்துக் காசு கிடைத்தது. ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்க இயலாதவனுக்கு, சோடாக் கூடையே நுழைவுச் சீட்டாயிற்று. எந்த மைதானத்தின் படிகளில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினானோ, அதே மைதானம் பின்னாளில் அவன் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது.

இடையில் நிகழ்ந்தது என்ன? மாயமொன்றும் நிகழவில்லை. மூன்று மனிதர்கள் மூன்று காரியங்களைச் செய்தார்கள். தாய், மகன் ஆடுவதைத் தடுக்கவில்லை. பயிற்சியாளர் டி. கே. சாத்துண்ணி அவர்கள், தம் பயிற்சி முகாமுக்கு வந்த அந்த மெலிந்த பையனிடம் இருந்த திறமையை இனங்கண்டு, முறையான ஆட்டத்தைக் கற்பித்தார். அந்நாளில் கேரளக் காவல்துறையின் தலைவராயிருந்த எம். கே. ஜோசப் அவர்கள், பதினேழு வயதே ஆன அப்பையனைக் காவல்துறை அணிக்குள் கொண்டுவந்தார். உத்தியோகம் பெறும் வயது வரவில்லையாதலால் முதலில் விருந்தாளி ஆட்டக்காரராக ஆடினார்; வயது வந்ததும் பணியில் சேர்ந்தார். ஒருவர் இல்லையென்றாலும் இக்கதை சோடாக் கூடையோடு முடிந்திருக்கும். திறமை எத்தனை பெரிதாயினும் அதைக் கைதூக்கிவிட ஆள் வேண்டும் என்பதை நம் சங்கத்தார் மனத்திற் கொள்ள வேண்டும்.

இங்கே, அலுவலக அணி என்னும் ஏற்பாட்டை விளக்குவது நலம். நம் நாட்டில் நெடுங்காலம் கால்பந்தாட்டக்காரனுக்குத் தனித் தொழில் என்று ஒன்று இருந்ததில்லை. காவல்துறை, இரயில்வே, இராணுவம், வங்கிகள், தொழிற்சாலைகள் ஆகியவை தத்தமக்கு அணி வைத்திருந்தன. நன்றாக ஆடுபவனுக்கு அங்கே உத்தியோகம் கிடைக்கும். ஆட்டம் இருக்கும்போது ஆடுவான். கால் தளர்ந்தபின் மேசைக்கோ காவற்பணிக்கோ திரும்புவான். மாதச் சம்பளம் நிற்காது. புகழ் குறைவாயினும் பாதுகாப்பு உண்டு.

கேரளக் காவல்துறை அணி அந்த வழியில் எழுந்ததே. விஜயனோடு வி. பி. சத்யன், சி. வி. பாப்பச்சன், யு. ஷரபலி, குரிகேஷ் மாத்யூ, காப்பாளர் கே. டி. சாக்கோ முதலியோர் அதில் ஆடினர். 1990-ஆம் ஆண்டு, திருச்சூரிலேயே நடந்த பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோவாவின் சல்காவ்கர் அணியை வென்றார்கள். கேரளத்து அணியொன்று அக்கோப்பையைப் பெற்றது அதுவே முதன்முறை. மறு ஆண்டு கண்ணூரில் மகீந்திரா அணியை வென்று அதை இரண்டாம் முறையும் தக்கவைத்துக்கொண்டார்கள்.

அதன்பின் கல்கத்தா அழைத்தது. 1991-இல் விஜயன் மோகன் பகான் கழகத்துக்குச் சென்றார். திறமை படைத்த கேரளத்து இளைஞன் புகழையும் பொருளையும் தேடி ஹௌரா இரயில் ஏறுவது அந்நாளைய வழக்கம். பின்னர் அவர் சென்ற இடங்களைப் பாருங்கள். பஞ்சாபின் பக்வாராவில் நூலாலை ஒன்று நடத்திய ஜே.சி.டி. அணி, அங்கே, 1996-97-இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீகின் முதல் பட்டத்தை வென்ற அணியில் அவர் இருந்தார். 1997-இல் கொச்சியில் பிறந்த எப்.சி. கொச்சின், அவ்வாண்டே மோகன் பகானை மூன்றுக்கு ஒன்று என வென்று டூரண்டு கோப்பையைக் கேரளத்துக்குக் கொண்டுவந்தார்கள். மீண்டும் மோகன் பகான், மீண்டும் கொச்சின், ஈஸ்ட் பெங்கால், மறுபடி ஜே.சி.டி., கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ், இறுதியாக 2005-06-இல் ஈஸ்ட் பெங்கால். மலையாளம் பேசி வளர்ந்தவர் வங்காளத்துச் சோறும் பஞ்சாபியர் ரொட்டியும் உண்டு பழகினார். பிழைப்புக்காக மொழி கடந்து செல்வது என்னவென்று நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நாட்டுக்காக ஆடியதில் அவருக்கிருந்த பெருமையும் சிறிதன்று. 1999-ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக, ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டாவது விநாடியில் கோலடித்தார். 2003-இல் ஹைதராபாதில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு கோல்களோடு முதலிடம் பெற்றார். இந்தியா வெள்ளிப் பதக்கம் கொண்டது. அத்தோடு நாட்டணியிலிருந்து விலகினார். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது மூன்று முறை அவருக்குக் கிட்டியது. 2003-இல் அர்ஜுனா விருதும், 2025-இல் பத்மஸ்ரீயும் வந்தன. அவரைப் பற்றி 1998-இல் எடுக்கப்பட்ட ஆவணப்படத்துக்கு வங்காள மொழியில் ‘கறுப்பு மான்’ என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள்.

இதுவரை சொன்னது வரவு. இனிச் செலவுக் கணக்கைப் பார்ப்போம்.

விஜயன் 1987-ஆம் ஆண்டளவில் பெரிய ஆட்டத்தில் புகுந்தார், 2006-இல் விலகினார். ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள். முப்பத்தேழு வயதுவரை ஆடியது பெரும் பேறு. பலருக்கு முப்பதிலேயே முழங்கால் விடைகொடுத்துவிடும். ஆனால் முப்பத்தேழு வயது என்பது மற்ற உத்தியோகங்களில் ஒருவன் மேலேறத் தொடங்கும் வயது. அங்கிருந்து ஓய்வூதிய வயதுவரை இன்னும் ஒரு பத்தொன்பது ஆண்டு கிடந்தது. அக்காலத்தை அவர் எவ்வாறு கடந்தார்? திரைப்படங்களில் நடித்தார், திருச்சூரில் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்பித்தார், எல்லாவற்றுக்கும் மேலாக, தம்மை முதலில் ஏற்றுக்கொண்ட காவல்துறைக்கே திரும்பினார். மலபார் சிறப்புக் காவற்படையில் துணைத் தளபதி நிலையில், 2025 ஏப்ரலில், ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றார். கல்கத்தாவும் பக்வாராவும் கொடுத்த பணம் வந்தது, போயிற்று. பதினெட்டு வயதில் கிடைத்த சீருடையே கடைசி வரை நிலைத்தது.

அவர் ஆடிய கழகங்களின் கதியையும் கவனியுங்கள். டூரண்டு கோப்பை வென்ற எப்.சி. கொச்சின், பணமுடையால் 2002-ஆம் ஆண்டளவில் கலைந்துபோயிற்று. முதல் லீகை வென்ற ஜே.சி.டி. 2011-இல் தன் அணியைக் கலைத்தது. கண்ணூரில் எதிர்த்து ஆடிய மகீந்திரா அணி 2010-இல் மறைந்தது. கோப்பை வென்ற கழகமே காணாமற்போகும் தொழில் இது. ஆகவே ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை மட்டும் கண்டு மயங்குவது தகாது. எழுதியவன் எத்தனை ஆண்டு நிலைப்பான் என்பதையும் கேட்க வேண்டும்.

விஜயனின் தோழர் வி. பி. சத்யனை எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கிறது. 1991-92-ஆம் ஆண்டுச் சந்தோஷ் கோப்பை கோயம்புத்தூரில் நடந்தது. தமிழ் மண்ணில் கோவாவை மூன்று கோல் வித்தியாசத்தில் வென்று கோப்பையை ஏந்திய கேரள அணிக்கு அவரே தலைவர். இந்திய அணிக்கும் தலைமை தாங்கியவர். பின்னாளில் சென்னையில் இந்தியன் வங்கியில் பணியேற்று, அதன் அணியில் ஆடியும் அணியைப் பயிற்றுவித்தும் வந்தார். உத்தியோகம் இருந்தது, சம்பளமும் இருந்தது. ஆயினும் காயங்களின் வேதனையும், ஆட்டம் அகன்றபின் வரும் மனவெறுமையும் அவரை வாட்டின. 2006-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் பல்லாவரத்தில் இரயில் பாதையில் அவர் வாழ்வு முடிந்தது. வயது நாற்பத்தொன்று. அவர் கதை 2018-இல் ‘கேப்டன்’ என்னும் மலையாளப் படமாக வந்தது. ஆட்டக்காரனுக்குச் சோறு மட்டும் போதாது. ஆரவாரம் அடங்கியபின் அவனோடு அமர்ந்து பேச உறவும் நட்பும் வேண்டும் என்பதை அந்த மரணம் நமக்குச் சொல்லிச் சென்றது.

மனத்தைத் தேற்ற இன்னொரு வாழ்வையும் நினைவூட்டுவோம். அதுவும் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் வாழ்வே. பீட்டர் தங்கராஜ் 1935-இல் ஹைதராபாதில் பிறந்தார். இராணுவத்தில் சேர்ந்து, மதராஸ் ரெஜிமெண்டு மைய அணியில் ஆடினார். அந்த அணி 1955-இலும் 1958-இலும் டூரண்டு கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளுக்கு இந்திய அணியோடு சென்றார். 1962-இல் ஜகார்த்தாவில், காய்ச்சலால் ஆட்டம் தவறியவர், இறுதி நாளன்று எழுந்து வந்து கோல் காத்தார். ஏளனம் செய்த பெருங்கூட்டத்தின் முன் இந்தியா தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என வென்று தங்கம் பெற்றது. கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களிலும் ஆடி, 1971-இல் ஓய்வு பெற்றபின், பயிற்சியாளராகவே வாழ்ந்தார். பொகாரோ உருக்காலை நகரில் இளைஞரைப் பயிற்றுவித்து, அங்கேயே 2008-இல் காலமானார். அவரைத் தொடக்கத்தில் தாங்கியது இராணுவம். முடிவில் தாங்கியது தாம் கற்றதைக் கற்பிக்கும் தொழில்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்று சொல்வோர் உண்டு. மாறித்தான் இருக்கிறது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. 2024-இல் கேரளத்துக்கென ஒரு சூப்பர் லீக்கும் வந்தது. பொழியூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், அப்பெரிய லீகில் ஜாம்ஷெட்பூருக்கும் கல்கத்தா அணிக்கும் ஆடினார். நம் கரையின் பிள்ளை அத்தனை உயரம் போனது நமக்குப் பெருமை. அவரே 2020 நவம்பரில், லீகின் தொடக்க ஆட்டத்தில் சில நிமிடங்களுக்குள் முழங்கால் காயமுற்று வெளியேற நேர்ந்தது. பணம் பெருகினாலும் முழங்கால் பழைய முழங்கால்தான்.

ஆகவே, தாய்மார்களின் கேள்விக்கு நாம் கூறும் விடை இதுவே. பந்து சோறு போடும், எல்லார்க்கும் போடாது, போடுபவர்க்கும் பாதி வாழ்வுக்கே போடும். மற்றப் பாதிக்கு வேண்டியதை ஆடும் காலத்திலேயே தேடிவைக்க வேண்டும்.

பிள்ளையை மைதானத்திலிருந்து இழுத்து வராதீர்கள், பள்ளியிலிருந்தும் இழுத்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பும் அதன் மேலும் தேறியிருந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறையோ இரயில்வேயோ வங்கியோ கதவைத் திறக்கும். ஊர்ப் போட்டிகளில் வாங்கிய சான்றிதழ்களைக் கிழியாமல் சேர்த்துவையுங்கள். காயம் பட்டால் எண்ணெய் தடவி அடுத்த நாளே ஆட விடாமல், தேர்ந்த மருத்துவரிடம் காட்டுங்கள். கழகத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் எழுத்தறிந்த பெரியவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். உத்தியோகமும் கழகமும் ஒருங்கே வந்தால், ஒன்றை விடுமுன் திரும்பி வர வழியுண்டா என்று கேளுங்கள். விஜயனுக்கு வழி இருந்தது, எல்லார்க்கும் இராது.

சங்கத்தாரும் கைகட்டி நிற்கலாகாது. திருச்சூர்ச் சிறுவனுக்கு ஒரு தாயும் ஒரு பயிற்சியாளரும் ஓர் அதிகாரியும் இருந்தார்கள். நம் எல்லைப்புறச் சிறுவர்களுக்குத் தாய் இருக்கிறாள். மற்ற இருவரை நாம் தேடித் தர வேண்டும். ஊரில் ஆடி ஓய்ந்த பழைய ஆட்டக்காரர் இல்லாத கரையே இல்லை. அவர்களை அழைத்து, வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளைப் பழக்கச் சொல்வது அரிதான காரியமன்று. பழக்குபவருக்கும் அது நன்மை. கால் ஓய்ந்தாலும் தாம் ஓயவில்லை என்னும் எண்ணம் அவரைக் காக்கும்.

பொழியூர் மணலில் இன்று மாலையும் ஆட்டம் நடக்கும். பந்து சில வேளை அலைக்குள் போய்விடும். ஒரு பையன் ஓடிச்சென்று எடுத்து வருவான். அவன் தாய் படகுக்கருகே நின்று, இருட்டுகிறது, வீட்டுக்கு வா என்று அழைப்பாள். எந்த மொழியில் அழைப்பாள் என்பது எல்லைக்கோட்டுக்கே தெரியாது. அவன் வீட்டுக்கு வரட்டும், விளக்கின் முன் அமர்ந்து பாடம் படிக்கட்டும். நாளை மாலை மறுபடியும் பந்தை எடுத்துக்கொண்டு போகட்டும்.

வாழ்க நம் கரையின் இளைஞர்!